கல்லுக்கு முகவரி உண்டா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

கூழாங்கல் ஏன் வழுவழுப்பாக இருக்கிறது என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். "ஆத்துல உருண்டு உருண்டு வந்துச்சு சார்." சரியான பதில்தான். ஆனால் அதோடு விடாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்த மலையிலிருந்து வந்தது? வந்து சேர எத்தனை வருஷம் ஆனது? வகுப்பே அமைதியாகிவிடும். ஆசிரியரும் அமைதியாகிவிடுவார்.

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் நீதிமன்றத்துக்கே போனது. நிலத்தை இழந்த விவசாயிகளும் வெள்ளத்தில் மூழ்கிய ஊர்களும் அதற்கு விடை கேட்டு நின்றார்கள். விடை தேடப் போனவர்களின் வரலாறுதான் இன்றைய பதிவு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். 1848 ஜனவரி 24 அன்று கொலோமா என்ற இடத்தில், ஒரு மர அறுவை ஆலைக்கு வெட்டிய கால்வாயில், ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் தங்கத் துணுக்குகளைக் கண்டார். அதன் பிறகு நடந்த தங்க வேட்டையை நாம் பாடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடினார்கள். முதல் சில வருடங்கள் ஆற்று மணலைத் தட்டில் அள்ளி அரித்துத் தங்கம் எடுத்தார்கள். எளிதாகக் கிடைத்தது சீக்கிரமே தீர்ந்தது.

பாடப் புத்தகம் அதிகம் சொல்லாத பகுதி இனிமேல்தான் வருகிறது. சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில், மேடுகளின் மேலேயே பிரம்மாண்டமான சரளைப் படிவங்கள் இருந்தன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடி மறைந்த பழைய ஆறுகள் விட்டுச்சென்ற கற்கள் அவை. அந்தச் சரளைக்குள் தங்கம் தூவியதுபோலக் கிடந்தது. 1853இல் எட்வர்ட் மேட்டிசன் என்பவர் நெவாடா சிட்டி அருகே ஒரு வழி கண்டுபிடித்தார். உயரத்திலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கி, முனையைக் குறுக்கி, அந்த வேகத்தில் குன்றின் மேல் பீய்ச்சி அடிப்பது. குன்று கரைந்து விழும். சேறும் கல்லுமாக ஓடுவதை நீண்ட மரத் தொட்டிகளில் விடுவார்கள். தங்கத்தைப் பிடித்துக்கொள்ள அதில் பாதரசம் ஊற்றியிருப்பார்கள். தங்கம் தங்கிவிடும். மிச்சமெல்லாம் நேராக ஆற்றுக்குள்.

1870களில் இது பெரிய தொழிலாகிவிட்டது. மலை உச்சி ஏரிகளிலிருந்து மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 'மானிட்டர்' என்று பெயரிட்ட இரும்புக் குழாய் முனைகள் பீரங்கிகளைப் போல வரிசையாக நின்றன. மலகாஃப் என்ற இடத்தில் அவை தோண்டிய பள்ளத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். அது இப்போது மாநிலப் பூங்கா.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை ஆற்றில் உருண்டு, மேட்டில் ஓய்ந்து கிடந்த கற்களை மனிதன் எழுப்பி, இரண்டாம் முறையாக ஆற்றில் இறக்கிவிட்டான்.

கீழே என்ன ஆயிற்று? யூபா ஆறும் ஃபெதர் ஆறும் கூடும் இடத்தில் மேரிஸ்வில் என்றொரு ஊர். தங்க வேட்டைக் காலத்தில் நீராவிப் படகுகள் வந்துபோன செழிப்பான ஊர். மலையிலிருந்து வந்த கல்லும் மணலும் யூபாவின் படுகையை நிரப்பின. படுகை உயர உயர ஊர் மக்கள் கரையை உயர்த்தினார்கள். கரை உயர்ந்தது, படுகையும் உயர்ந்தது. கடைசியில் ஆற்றின் அடி ஊர்த் தெருவைவிட மேலே போய்விட்டது. 1875 ஜனவரியில் வெள்ளம் கரையைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. ஆற்றோரப் பழத்தோட்டங்களும் கோதுமை வயல்களும் மணல் மேடாயின.

விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். பேர் நதிக்கரையில் நிலம் வைத்திருந்த ஜேம்ஸ் கீஸ் 1876இல் பல சுரங்க நிறுவனங்களைச் சேர்த்து நீதிமன்றத்துக்கு இழுத்தார். நிறுவனங்களின் வாதம் சட்டப்படி கூர்மையானது. நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொழில் செய்கிறோம், எங்கள் எல்லோரையும் ஒரே கூண்டில் எப்படி ஏற்றலாம் என்பது அது. மாநில உச்ச நீதிமன்றம் 1879இல் அதை ஏற்றது. கூட்டாக வழக்குத் தொடுத்தது செல்லாது என்றது.

இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு விவசாயி தன் நிலத்தில் கிடக்கும் குவியலைக் காட்டி, இந்தக் கல் இன்ன கம்பெனியுடையது, அந்த மணல் இன்னாருடையது என்று பிரித்து நிரூபிக்க வேண்டும். கல்லில் பெயர் எழுதியா இருக்கிறது?

அடுத்த வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வந்தது. மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப், நார்த் புளூம்ஃபீல்ட் நிறுவனத்தின் மீதும் மற்றவர்கள் மீதும் தொடுத்தது. நீதிபதி லோரன்ஸோ சாயர். எல்லோரும் கொட்டியது கலந்துதான் கேடு விளைகிறது, ஆகவே எல்லோரையும் சேர்த்தே விசாரிக்கலாம் என்று அவர் முதலில் முடிவு செய்தார். பிறகு 1884 ஜனவரி 7 அன்று நீண்ட தீர்ப்பை வழங்கினார். சுரங்கக் கழிவை ஆற்றில் கொட்டுவதற்கு நிரந்தரத் தடை. சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் அமெரிக்காவின் முன்னோடித் தீர்ப்புகளில் ஒன்றாக இதை இன்றும் எண்ணுகிறார்கள்.

இதோடு கதை முடிந்தது என்று நினைப்போம். அன்று பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். குழாய்கள் ஓய்ந்தன. ஆனால் அதற்குள் ஆற்றில் இறங்கிவிட்ட கற்களுக்குத் தீர்ப்பைப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டே இருந்தன. 1893இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தனி ஆணையம் அமைத்தது. கல்லைத் தடுத்து நிறுத்த யூபாவின் குறுக்கே ஆணையம் கட்டிய முதல் தடுப்பணையை 1907 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

இதற்கிடையில் சுரங்க முதலாளிகள் சங்கம் 1904இல் அமெரிக்க அதிபருக்கு ஒரு மனு அனுப்பியது. இந்தக் கழிவுப் பிரச்சினையை அரசே முறையாக ஆராய வேண்டும் என்று கேட்டது. தொழிலை மறுபடி தொடங்க வழி பிறக்கும் என்ற நம்பிக்கை. அந்த வேலைக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை அனுப்பிய மனிதர் குரோவ் கார்ல் கில்பர்ட். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

கில்பர்ட் செய்த காரியம் ஓர் ஆசிரியராக என்னை மிகவும் கவர்ந்தது. கல் எங்கே போனது என்று கேட்பதற்கு முன், எவ்வளவு கல் புறப்பட்டது என்று கேட்டார். அதுவரை இருந்த மதிப்பீடுகள் செலவான தண்ணீரின் கணக்கை வைத்துப் போட்டவை. இவர் மலைக்கே போய், சில சுரங்கப் பள்ளங்களை அளந்தார். பள்ளத்தின் கொள்ளளவுதானே வெளியேறிய மண்ணின் அளவு? பழைய கணக்குகள் குறைவாகச் சொல்லியிருந்தது தெரிந்தது. கடைசியில் அவர் எட்டிய எண்: சுரங்கங்கள் ஆறுகளில் தள்ளியது சுமார் 150 கோடி கன கெஜம். பனாமா கால்வாய்க்குத் தோண்டிய மண்ணைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு.

அடுத்து, அது எங்கே இருக்கிறது? ஆண்டுதோறும் கோடையில் ஆற்று நீர் மிகக் குறைந்திருக்கும்போது அதன் மட்டம் என்ன என்ற பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார். குறைந்த நீர் மட்டம் உயர்ந்தால் படுகை உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வரைந்து பார்த்தபோது ஓர் அழகான வடிவம் வந்தது. மலைக்கு அருகில் படுகை முதலில் உயர்ந்து, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கியிருந்தது. கீழே போகப் போக உச்சம் தாமதமாக வந்தது. வெள்ளம் ஓர் அலையாக ஆற்றில் இறங்குவதைப் போலவே, கல்லும் மணலும் ஓர் அலையாக இறங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் அலைக்குச் சில நாள். கல் அலைக்குப் பல பத்தாண்டு.

பெரிய கல் மலையடிவாரத்திலேயே தங்கியது. மணல் சமவெளிக்கு வந்தது. மெல்லிய வண்டல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவரை போயிற்று. விரிகுடா மேடாகிச் சுருங்கினால் அதற்குள் வந்துபோகும் கடல் நீர் குறையும். நீர் குறைந்தால் துறைமுக வாயிலில் நீரோட்டத்தின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வாயிலுக்கு வெளியே இருக்கும் மணல் திட்டு உள்நோக்கி நகரும். மலையில் குழாயைத் திறந்தவர்களின் செயல் கப்பல் போக்குவரத்துவரை தொடுகிறது என்று கில்பர்ட் படிப்படியாகக் காட்டினார். மனுப் போட்டவர்கள் எதிர்பார்த்த விடை இதுவல்ல. அறிக்கை 1917இல் வெளிவந்தது. அடுத்த வருடம் கில்பர்ட் காலமானார்.

அவர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். 1907 முதல் 1909 வரை பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் மரத்தால் நீண்ட ஓடைத் தொட்டிகள் கட்டி, தண்ணீரின் வேகம், சரிவு, கல்லின் அளவு ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி எவ்வளவு நகர்கிறது என்று எடை போட்டார். அந்த முடிவுகள் 1914இல் வந்தன. ஆறு கல்லைச் சுமப்பதைப் பற்றிய ஆய்வுக்கு இன்றுவரை அது ஓர் அடித்தளம்.

ஆனால் கில்பர்ட் பார்த்தது கூட்டத்தை. கூட்டத்துக்குள் ஒரு தனிக் கல் எப்படி நடந்துகொள்கிறது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவரின் பெயர் உங்களுக்குப் பாதி தெரியும். ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். ஆம், நம் ஐன்ஸ்டைனின் மூத்த மகன். 1904இல் பெர்ன் நகரில் பிறந்தவர், கட்டடப் பொறியியல் படித்தவர். அப்பாவும் ஆற்றைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. தேநீரைக் கலக்கினால் தேயிலைத் தூள் ஏன் கோப்பையின் நடுவில் சேர்கிறது, அதற்கும் ஆறு வளைந்து ஓடுவதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பற்றி 1926இல் எழுதினார். மகன் வாழ்நாள் முழுக்க ஆற்றோடேயே இருந்துவிட்டார்.

சுவிட்சர்லாந்துக்கும் கல் ஒரு தலைவலியாக இருந்தது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் ரைன் நதியை ஆஸ்திரியாவோடு சேர்ந்து நேராக்கியிருந்தார்கள். நேராக்கிய பிறகும் சில இடங்களில் கல் சேர்ந்து படுகை உயர்ந்தது. 1927இல் ரைன் கரை உடைந்து லிக்டன்ஸ்டைன் நாட்டில் பெரும் சேதம். இப்படிப்பட்ட ஆறுகளை மாதிரி கட்டிச் சோதிக்க, 1930இல் சூரிக்கில் ஒரு நீரியல் ஆய்வகம் திறந்தார்கள். ஹான்ஸ் ஆல்பர்ட் அடுத்த ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

தொட்டியில் அடையாளமிட்ட கற்களை விட்டு, ஒவ்வொன்றும் எங்கே போய் நிற்கிறது என்று கவனித்தார். அவர் கண்டது எளிமையானது. கல் ஆற்றில் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. குட்டியாக ஒரு தாவல், பிறகு நீண்ட ஓய்வு. மறுபடி ஒரு தாவல். எப்போது எழும், எவ்வளவு தூரம் போகும் என்று எந்த ஒரு கல்லைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் கல்லைப் பற்றிச் சொல்ல முடியும். எந்த வீட்டில் எந்த வருடம் குழந்தை பிறக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு மாவட்டத்தில் சுமாராக எத்தனை பிறக்கும் என்று சொல்கிறோமே, அதே போல. 1937இல் வெளிவந்த அவருடைய ஆய்வேடு, ஆற்றுக்கல்லின் நகர்வை நிகழ்தகவுக் கணக்காக மாற்றியது.

1938இல் அமெரிக்கா போனார். 1947இல் ஆசிரியராகச் சேர்ந்த இடம் பெர்க்லி. கில்பர்ட் மரத்தொட்டி கட்டிய அதே பல்கலைக்கழகம்.

தொட்டியில் பார்த்தது நிஜ ஓடையில் பொருந்துமா? அதற்குக் கல்லை ஓடையிலேயே பின்தொடர வேண்டும். இங்கேதான் மனிதனின் பொறுமை தெரிகிறது.

முதல் வழி, வண்ணம் பூசுவது. 1950களின் இறுதியில் லூனா லியோபோல்டும் நண்பர்களும் நியூ மெக்ஸிகோவில், சாந்தா ஃபே ஊருக்கு அருகே ஒரு காட்டாற்றில் வண்ணம் பூசிய கற்களை வரிசையாக அடுக்கினார்கள். திடீர் வெள்ளம் வந்துபோன பிறகு, வறண்ட படுகையில் நடந்து நடந்து தேடினார்கள். நெருக்கமாக வைத்த கற்கள் குறைவாகவே நகர்ந்திருந்தன. தள்ளித் தள்ளி வைத்தவை எளிதாகக் கிளம்பியிருந்தன. கல்லுக்கும் பக்கத்துக் கல் துணை. ஆனால் வண்ணக் கல் மண்ணுக்குள் புதைந்தால் கண்ணுக்குத் தெரியாது. நிறையக் கற்கள் தொலைந்துபோயின.

அடுத்து, கல்லில் துளை போட்டுக் காந்தத் துண்டை வைத்து மூடினார்கள். புதைந்தாலும் கருவியால் கண்டுபிடிக்கலாம். 1980களில் ஜெர்மனியின் பவேரியா மலையில் லைன்பாக் ஓடையில் கல்லுக்குள் சிறு வானொலிக் கருவி வைத்து, கல் எழுவதையும் நிற்பதையும் வெள்ளம் ஓடும்போதே கேட்டார்கள். ஆனால் பேட்டரி தீர்ந்தால் கல் ஊமை.

2000த்துக்குப் பிறகு, மீன்களுக்கு அடையாளமாகப் போடும் சிறு கண்ணாடிக் குப்பி கைக்கு வந்தது. மாத்திரை அளவுதான். பேட்டரி கிடையாது. வட்டமான ஆன்டெனாவை மேலே கொண்டுபோனால் தன் எண்ணைச் சொல்லும். வளர்ப்பு நாய்க்குத் தோலுக்கடியில் வைக்கிறார்களே, அந்த வகை. அரிசோனாவிலும் கியூபெக்கிலும் கல்லில் துளையிட்டு இதை வைத்துச் சோதித்தார்கள். இன்று பல நாட்டு மலையோடைகளில் இப்படி எண் பெற்ற கற்கள் கிடக்கின்றன. ஆதார் எண் வாங்கிய கற்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அவை சொன்னது, ஹான்ஸ் ஆல்பர்ட் சொன்னதை ஒத்துத்தான் இருந்தது. ஒரு வெள்ளத்தில் பெரும்பாலும் ஒரு பகுதிக் கற்களே நகர்கின்றன. சில வெகுதூரம் போகின்றன, பல அருகிலேயே நின்றுவிடுகின்றன. புதைந்த கல் ஆண்டுக்கணக்கில் அசைவதில்லை. ஸ்காட்லாந்தின் ஓர் ஓடையில் ராப் ஃபெர்குசனும் ட்ரெவர் ஹோயும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, விட்ட புதிதில் வேகமாகப் போன கற்கள் போகப் போக மெதுவாகிவிட்டன. படுகைக்குள் கலந்து, புதைந்து, கரையோரம் ஒதுங்கி அவை ஓய்வெடுக்கத் தொடங்கியதுதான் காரணம்.

இதைக் கலிஃபோர்னியாவோடு சேர்த்துப் பாருங்கள். அலை கடந்துபோய் ஆறு பழைய நிலைக்கு வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு முழுதாகப் பலிக்கவில்லை. ஆலன் ஜேம்ஸ் என்ற புவியியலாளர் 1980களில் பேர் நதியை ஆராய்ந்தார். கீஸ் வழக்குப் போட்ட அதே நதி. நூறு ஆண்டுக்கு முந்தைய சுரங்கக் கழிவு இன்னும் பள்ளத்தாக்கில் திட்டுத் திட்டாகக் கிடந்து, வெள்ளம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்புவதை அவர் காட்டினார். அலையின் தலை போய்விட்டது, வால் நீண்டுகொண்டே இருக்கிறது. பாதரசமும் அதோடு கூட வருகிறது. அதனால் அங்கே பல நீர்நிலைகளில் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று அரசு இன்றும் எச்சரிக்கை கொடுக்கிறது. பாதரசம் ஊற்றியவனின் பேரன்கூட இன்று உயிரோடு இருக்கமாட்டான்.

கடைசியாக ஒரு செய்தி. 1941இல் யூபாவின் குறுக்கே எங்கிள்பிரைட் அணையைக் கட்டினார்கள். சுரங்கக் கழிவைத் தடுத்து நிறுத்துவதுதான் அதன் முதல் நோக்கம். அணை தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒரு கல்கூடக் கீழே வரவில்லை. அணைக்கு அடியில் ஆறு இருந்த சரளையையும் அரித்துக்கொண்டு போய், வெறும் பாறை மிஞ்சியது. சால்மன் மீன் முட்டையிடச் சரளைக் கல் வேண்டும். வாலால் குழி பறித்து, முட்டையிட்டு, கல்லாலேயே மூடும். கல் இல்லாத இடத்தில் மீன் என்ன செய்யும்? ஆகவே இப்போது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு, அணைக்குக் கீழே ஆற்றில் சரளையைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

கல்லைக் கொட்டாதே என்று நீதிமன்றம் தடை போட்ட அதே யூபாவில், அரசாங்கமே செலவு செய்து கல்லைக் கொட்டுகிறது. இரண்டும் சரிதான். ஆற்றுக்கு ஓர் அளவு இருக்கிறது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அந்த அளவு என்ன என்பதை யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட முடியவில்லை. ஒருவர் பள்ளம் அளந்தார். ஒருவர் தொட்டியில் கல்லை எண்ணினார். சிலர் வண்ணம் பூசி, வெயிலில் படுகை முழுக்கத் தேடினார்கள். நூறு வருடத்துக்கும் மேலான உழைப்பு.

ஆற்றில் எதையாவது போடுகிறவரும், ஆற்றிலிருந்து எதையாவது அள்ளுகிறவரும் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "இதனால என்ன ஆயிடப் போகுது?" ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். கல் மெதுவாகப் போகிறது. கணக்கு வந்து சேரும்போது கேட்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள். கீழே இருப்பவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள்.

அடுத்த முறை மலையோடையில் கால் நனைக்கும்போது ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பிள்ளைகளிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். கல்லை மட்டும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். அதன் பயணம் இன்னும் முடியவில்லை.